தி பிளாக் கீஸின் முதல் ஆல்பம் 'தி பிக் கம் அப்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக் இசை கேட்கும் நண்பர்களுக்கு இந்த ஆல்பத்தைச் சிபாரிசு செய்தால், கொஞ்ச நாளில் அதே கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். பேஸ் கிட்டார் எங்கே? ஏன் இப்படிக் கரகரக்கிறது? ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் காப்பிதானே? ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில், இது யாருடைய ஆல்பம்?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்றொரு ஊர். அந்த ஊர்க்காரர்களான இரண்டு பேரின் குழுதான் தி பிளாக் கீஸ். டான் அவர்பாக் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பார், பேட்ரிக் கார்னி டிரம்ஸ். அவர்களுடைய முதல் ஆல்பம் 'தி பிக் கம் அப்'. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த அலைவ் என்ற சின்ன நிறுவனம் 2002 மே 14 அன்று வெளியிட்டது. அன்றைக்கு அவர்பாக்குக்கு 23 வயது பூர்த்தியானது, கார்னிக்கு 22. மொத்தம் 13 பாடல்கள். ஸ்டுடியோ கிடையாது, வெளியிலிருந்து வந்த தயாரிப்பாளர் கிடையாது. கார்னி வீட்டு அடித்தள அறையில் அவர்களே பதிவு செய்தது.

'லோன்லி பாய்' கேட்டுவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 2011இல் வந்தது. அந்தப் பளபளப்பு எதுவும் இதில் இருக்காது.

ஆக்ரன் என்ற ஊருக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா?

உண்டு. குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், ஜெனரல் டயர் என்று உலகத்துக்கே டயர் போட்ட கம்பெனிகள் எல்லாம் ஆக்ரனில் இருந்தவை. 'உலகத்தின் ரப்பர் தலைநகர்' என்றே பெயர். 1970களிலும் 80களிலும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அவர்பாக்கும் கார்னியும் வளர்ந்தது அதற்குப் பிந்தைய ஆக்ரனில். இருவரும் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் கூட ஃபயர்ஸ்டோன்தான். (பிரிட்டெண்டர்ஸ் குழுவின் கிறிஸ்ஸி ஹைண்டும் அதே பள்ளிதான். டிவோ குழுவுக்கும் இதே ஊர். டயர் போனாலும் இசைக்குக் குறைச்சல் இல்லை.)

வேலை இல்லாத ஊரில் வாடகை மலிவு, வீடுகள் பெரிசு, அடியில் ஒரு கான்கிரீட் அறை இலவசம். சத்தம் போட்டால் கேட்க ஆள் குறைவு. இப்படிப்பட்ட ஆல்பம் அன்றைய நியூயார்க்கிலிருந்து வந்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். அங்கே அறை வாடகைக்கே வேலைக்குப் போக வேண்டும்.

வீட்டுச் சூழலும் ஒரு காரணம். கார்னியின் சித்தப்பா ரால்ஃப் கார்னி, பாடகர் டாம் வெய்ட்ஸோடு சாக்ஸபோன் வாசித்தவர். பாடகர் லூ ரீடுக்குக் கிட்டார் வாசித்த ராபர்ட் குவைன் அவர்பாக்கின் உறவினர். இசையைத் தொழிலாக வைத்துக்கொள்வது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லித் தடுக்கிற வீடுகள் இல்லை.

குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது?

ஆக்ரனில் ஆல்ஃபிரட் மெக்மூர் என்றொரு ஓவியர் இருந்தார். நீள நீளமான காகிதச் சுருள்களில் வரைவார். மனச்சிதைவு நோய் இருந்தது. இருவரின் அப்பாக்களுக்கும் அவர் பழக்கம். வீட்டுத் தொலைபேசியில் தலைகால் புரியாத செய்திகளைப் பதிவு செய்து வைப்பார். யார் மீதாவது கோபம் வந்தால், அவர் அவர்களைத் திட்டுவது 'கறுப்புக் கட்டை' என்றுதான், அதாவது பியானோவின் கறுப்புக் கட்டைகள். பையன்கள் அதையே பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேர் மட்டும் என்பது திட்டமிட்ட முடிவா?

இல்லை, மற்றவர்கள் வரவில்லை. அவ்வளவுதான்.

2001இல் அவர்பாக்குக்கு வேறொரு குழு இருந்தது. மதுக்கூடங்களில் வாசிக்க வாய்ப்புக் கேட்பதற்கு ஒரு மாதிரிப் பதிவு வேண்டியிருந்தது. பதிவுக் கருவிகள் வைத்திருந்தவர் கார்னி. நாள் குறித்தார்கள், குழுவில் மற்றவர்கள் வந்து சேரவில்லை. வெறுமனே உட்கார்ந்திருப்பதற்குப் பதில் கார்னி டிரம்ஸில் போய் உட்கார்ந்தார். ஒரே பகுதியில் வளர்ந்தவர்கள், பதின்ம வயதிலேயே சும்மா வாசித்துப் பார்த்தவர்கள் என்பதால் அது நடந்தது. அந்தப் பதிவை ஏழெட்டு நிறுவனங்களுக்கு மேல் அனுப்பினார்கள். நேரில் வாசிப்பதைப் பார்க்காமலே ஒப்பந்தம் போட முன்வந்தது அலைவ் மட்டும்தான்.

நேரில் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாதது முக்கியம், ஏனென்றால் அப்போது அவர்கள் மேடையே ஏறியதில்லை. முதல் நிகழ்ச்சி 2002 மார்ச் 20, கிளீவ்லாந்தில் பீச்லாண்ட் என்ற இடத்தில். ஆல்பம் வந்தது மே மாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பேஸ் கிட்டார் இல்லாமல் எப்படி ஒப்பேற்றினார்கள்?

நம் காதுக்கு இது நியாயமான கேள்வி. இளையராஜா பாடல்களில் பேஸ் எங்கே போகிறது என்று தேடித் தேடிக் கேட்டுப் பழகியவர்கள் நாம். அது இல்லாத பாட்டு, அடித்தளம் போடாத வீடு மாதிரி முதலில் பயமுறுத்தும்.

கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். அந்த இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும். இந்த ஆல்பத்தில் அதை மூன்று விஷயங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்று, கார்னி காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம். பதிவில் அதன் சத்தம் கொஞ்சம் வீங்கியே இருக்கிறது, வேண்டுமென்றுதான். இரண்டாவது, அவர்பாக் கீழ்த் தந்திகளில் ஒரு சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டே மேல் தந்திகளில் ராகத்தை இழுப்பது. மூன்றாவது ஃபஸ். கிட்டார் ஒலியை மிதமிஞ்சி ஊட்டி அதன் அலையின் தலையையும் காலையும் வெட்டினால், இல்லாத மேற்சுரங்கள் எல்லாம் முளைக்கும். ஒலி பருமனாகிவிடும். ஒரு கிட்டார் இரண்டு கிட்டார் அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் இது வெறும் ஒப்பேற்றல் இல்லை, லாபமும் உண்டு. மூன்றாவது ஆள் இல்லாததால் பாடுகிறவர் நினைத்த இடத்தில் ஒரு வரியை நீட்டலாம், அரை அடி முன்னால் வெட்டலாம். டிரம்ஸ்காரர் அவர் கையையே பார்த்துக்கொண்டு பின்னால் போவார். 'பஸ்டட்' பாடலில் குரலும் கிட்டாரும் கிட்டத்தட்ட ஒரே வழியில் நடப்பதைக் கவனியுங்கள். குரல் ஒரு சொல்லை முடித்ததும் அதே வாக்கியத்தைக் கிட்டார் எடுத்து முடித்துவைக்கிறது. நடுவே பேஸ் கிட்டார் வந்து கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) இதுதான் என்று அறிவித்திருந்தால் இந்த நெருக்கம் போயிருக்கும்.

இன்னொன்று. பேஸ் இல்லாத ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) இவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. சிகாகோவில் ஹவுண்ட் டாக் டெய்லர் இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ் என்று காலத்தை ஓட்டினார். அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிடுவதற்காகவே 1971இல் அலிகேட்டர் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மிசிசிப்பியில் ஆர். எல். பர்ன்சைடு, தன் பேரன் செட்ரிக் டிரம்ஸிலும் கென்னி பிரவுன் இரண்டாவது கிட்டாரிலும் இருக்க, பேஸ் இல்லாமலே உலகம் சுற்றினார். டி-மாடல் ஃபோர்டு இன்னும் சிக்கனம், அவரும் ஸ்பாம் என்ற டிரம்ஸ்காரரும் மட்டும். அவர்பாக்கும் கார்னியும் உட்கார்ந்தது ஏற்கெனவே போட்டிருந்த நாற்காலிகளில்தான்.

ப்ளூஸ் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்? மூன்று கார்ட், பன்னிரண்டு பார், முடிந்தது?

நிறையப் பேர் ப்ளூஸைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றுக் கணக்கில் முதல் கார்ட், நாலாம் கார்ட், ஐந்தாம் கார்ட் என்று போய்த் திரும்பி வரும் அந்தச் சுற்று, மதுக்கூட இசைக்குழுக்களின் கையில் சலிப்பூட்டக் கூடியது. ஆனால் 'தி பிக் கம் அப்' கற்றுக்கொண்ட பள்ளி அது இல்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கே, மெம்பிஸ் நகருக்குக் கீழே, மார்ஷல், பனோலா போன்ற மாவட்டங்களில் மேடும் காடுமான நிலம் இருக்கிறது. புகழ்பெற்ற டெல்டா சமவெளி இதற்கு மேற்கே. இந்த மேட்டு நிலத்தில் வளர்ந்த ப்ளூஸுக்கு ஹில் கன்ட்ரி ப்ளூஸ் என்று பெயர். இதில் கார்ட் மாறுவது அபூர்வம். ஒரே கார்டில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசை வரி) பிடித்துக்கொண்டு, ஆடுகிறவர்கள் களைக்கும் வரை போவார்கள். அதே பகுதியில் மூங்கில் குழலும் தோளில் மாட்டிய டிரம்களுமாக விடிய விடிய வாசிக்கும் ஒரு மரபும் இருந்தது. ஓதா டர்னர் என்பவர் 2003இல் இறக்கும் வரை அதை நடத்திவந்தார். அந்தத் தாளம் கிட்டாருக்குள் குடியேறியதுதான் ஹில் கன்ட்ரி என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரே கார்ட் என்றால் சலிக்காதா என்றால், நமக்குச் சலிக்கக் கூடாது. ஒரு சுருதியை நிறுத்தி வைத்துவிட்டு அதன் மேல் மணிக்கணக்காகக் கட்டுகிற இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தம்புரா போடுகிற வேலையை இங்கே கிட்டாரின் கீழ்த் தந்தி போடுகிறது. பாட்டு எங்கே 'போகிறது' என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இருக்கிற இடத்திலேயே என்ன மாறுகிறது என்று கேட்க ஆரம்பித்தால் பிடிபட்டுவிடும். அழுத்தம் கூடுகிறது, குரல் ஒரு சொல்லை வேறு மாதிரி வளைக்கிறது, டிரம்ஸ் ஒரு அடியை விட்டுவிட்டு வருகிறது. இவ்வளவுதான் நிகழ்ச்சி. மேற்கத்திய ராக் ரசிகர்களை விட நம்மவர்களுக்கு இந்த ஆல்பம் சீக்கிரம் வசப்பட வேண்டும் என்பது என் கட்சி.

ஜூனியர் கிம்ப்ரோ என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

இந்த ஆல்பத்தின் குலதெய்வம். 1930இல் பிறந்தவர். மிசிசிப்பியில் சுலாஹோமா என்ற இடத்தில் ஜூக் ஜாயின்ட் நடத்திவந்தார். ஜூக் ஜாயின்ட் என்றால் கறுப்பின மக்கள் வார இறுதியில் குடிக்கவும் ஆடவும் கூடும் எளிய கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் அவரே வாசிப்பார். அவருடைய முதல் முழு ஆல்பம் 'ஆல் நைட் லாங்' வந்தது 1992இல், அறுபதைத் தாண்டிய பிறகு. அதை வெளியிட்டது மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் 1991இல் தொடங்கிய ஃபேட் பாஸம் நிறுவனம். 1998இல் இறந்துபோனார். அவருடைய கொட்டகையும் 2000இல் எரிந்துபோனது.

அவருடைய கல்லறைக் கல்லில், எல்லா இசைக்கும் ஆதியும் அந்தமும் அவரே என்று பொருள்படும் ஒரு வாசகம் இருக்கிறது. சொன்னவர் சார்லி ஃபெதர்ஸ் என்ற ராக்கபிலி பாடகர், கிம்ப்ரோவின் பழைய நண்பர். மிகையாகத் தோன்றினால் 'ஆல் நைட் லாங்' கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

அவர்பாக் கல்லூரிக் காலத்தில் கிம்ப்ரோவைக் கேட்டுக் கேட்டே படிப்பைக் கோட்டை விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கார்னியும் படிப்பைப் பாதியில் விட்டவர். இருவரும் ஒரு வீட்டுக்காரரிடம் புல் வெட்டும் வேலைக்குப் போனார்கள்.

எவை சொந்தப் பாடல்கள், எவை மற்றவர்களுடையவை?

பெரும்பாலானவை சொந்தம். மற்றவர்களிடமிருந்து வந்தவற்றில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை நான்கு.

'டூ தி ரம்ப்' கிம்ப்ரோவுடையது. 'ஆல் நைட் லாங்' ஆல்பத்தில் இருக்கும் அவருடைய பதிவில் வேகம் குறைவு, மயக்கம் அதிகம். பையன்கள் இளமைத் துடிப்பில் கொஞ்சம் முறுக்குகிறார்கள். 'பஸ்டட்', பர்ன்சைடின் 'ஸ்கின்னி வுமன்' பாடலைத் தழுவியது. 'லீவின் டிரங்க்' மெம்பிஸ் பக்கத்து ப்ளூஸ் பாடகர் ஸ்லீப்பி ஜான் எஸ்டெஸிடமிருந்து வருகிறது. 1968இல் டாஜ் மஹால் என்ற பாடகர் (ஆமாம், அதுதான் அவர் மேடைப் பெயர்) தன் முதல் ஆல்பத்தில் பாடிப் பிரபலமாக்கியது. நான்காவது பீட்டில்ஸ்.

சொந்தப் பாடல்களில் எனக்குப் பிடித்தவை 'ஐ வில் பி யுவர் மேன்', 'ஹெவி சோல்', 'தெம் ஐஸ்'. கடைசியில் சொன்னதில் ப்ளூஸை விட சோல் இசையின் வாடை கூடுதல். அவர்பாக் பின்னாளில் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்பதற்கு அடையாளம் அங்கேயே கிடைக்கிறது.

பீட்டில்ஸ் பாட்டுக்கு இங்கே என்ன வேலை?

'ஷி செட் ஷி செட்', 1966இல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தில் லெனன் எழுதியது. போதையில் யாரோ சாவைப் பற்றிப் பேசியது லெனனை அரித்து, பாட்டாகி, நடுவில் நாலு கணக்கிலிருந்து மூன்று கணக்குக்குத் தாவி, ஏகப்பட்ட நகாசு வேலைகளோடு நிற்கும். பிளாக் கீஸ் அதன் கூட்டுக் குரல்களைக் கழற்றிவிட்டு ஒற்றைக் குரலில் பாடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு நல்ல ரிஃப்பும் ஒரு எரிச்சலான மனிதனும்.

சில ப்ளூஸ் பிரியர்கள் இந்தப் பாட்டு வந்ததும் தாண்டிவிடுவார்கள். எனக்கு இது இருக்க வேண்டும். ஆக்ரனில் பழைய இசைத்தட்டுகளுக்கு நடுவே வளர்ந்த பையன்கள் மிசிசிப்பிப் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர்கள் போல வேஷம் கட்டவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஒலி ஏன் இவ்வளவு கரகரக்கிறது? என் ஸ்பீக்கர் போய்விட்டதா?

ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு அடித்தள அறை, கையில் இருந்த சாதாரண மைக், வீட்டு உபயோகத்துக்கான பதிவுக் கருவி. அறையின் எதிரொலி எல்லா மைக்கிலும் ஏறும். டிரம்ஸ் அடிப்பது கிட்டார் மைக்கில் விழும், கிட்டார் அலறுவது டிரம்ஸ் மைக்கில் விழும். பெரிய ஸ்டுடியோவில் இதைத் தடுக்கத் தடுப்புகள் வைப்பார்கள். இங்கே அந்தக் கலப்புதான் பசை. தனித்தனியாகச் சுத்தமாகப் பதிந்திருந்தால் இரண்டு பேர் வாசிப்பது ஒல்லியாகக் கேட்டிருக்கும்.

குரலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்பாக்கின் குரல், பழைய ஒலிபெருக்கியில் கோயில் திருவிழா அறிவிப்புக் கேட்பது போல ஓரங்கள் உடைந்து வருகிறது. 22 வயதுப் பையனின் குரல் என்று யாரும் நம்பமாட்டார்கள். கொஞ்சம் நடிப்பும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை.

கேட்பதற்கு ஹெட்போனை விட ஸ்பீக்கர் நல்லது. அறையில் கொஞ்சம் சத்தமாக வைத்தால், அந்த அடித்தள அறையின் காற்று உங்கள் அறைக்கு வரும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் தயவுசெய்து வேண்டாம். இருக்கிற கொஞ்சநஞ்ச அடி ஒலியும் அதில் காணாமல் போய்விடும்.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸைக் காப்பியடித்தார்கள் என்கிறார்களே?

புரிகிற சந்தேகம்தான். ஒயிட் ஸ்ட்ரைப்ஸும் இரண்டு பேர், கிட்டாரும் டிரம்ஸும், ப்ளூஸ் ராக். அவர்கள் ஊரான டெட்ராய்ட் ஆக்ரனிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். அவர்களுடைய முதல் ஆல்பம் 1999இல் வந்துவிட்டது, 2001இல் 'ஒயிட் பிளட் செல்ஸ்' மூலம் பெரிய பெயரும் வந்துவிட்டது. அடுத்த வருஷம் இன்னொரு இரட்டையர் வந்தால் பத்திரிகைக்காரர்கள் வேறெப்படி எழுதுவார்கள்?

ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால் இரண்டும் வெவ்வேறு. ஒயிட் ஸ்ட்ரைப்ஸில் பாடிக் கிட்டார் வாசிக்கும் ஜாக் ஒயிட் தன் முதல் ஆல்பத்தைச் சமர்ப்பித்தது டெல்டாவின் ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸுக்கு. அவருடைய இசையில் நாடகம் உண்டு. சட்டென்று மௌனம், சட்டென்று அலறல், சிவப்பு வெள்ளை உடை, அக்கா தம்பி என்ற கட்டுக்கதை. பிளாக் கீஸில் உடையலங்காரம் கிடையாது, கதை கிடையாது. ஒரு தாளத்தைப் பிடித்தால் விடுவதில்லை. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் மெக் ஒயிட் வாசிக்கும் டிரம்ஸ் அடிக்கு நடுவே காலி இடத்தை விடும். கார்னி அந்த இடத்தையெல்லாம் உருட்டி உருட்டி அடைப்பார். ஒருவர் டெல்டாவுக்குப் போனார், இன்னொருவர் மேட்டு நிலத்துக்குப் போனார். புறப்பட்ட வண்டி ஒரே மாதிரி இருந்தது, அவ்வளவே.

இருவரில் யார் மேல் என்றால், முதல் ஆல்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒயிட் ஸ்ட்ரைப்ஸிடம் யோசனைகள் அதிகம், பிளாக் கீஸிடம் தாளம் அதிகம். எனக்கு இரண்டாவது போதும்.

வெள்ளைக்காரப் பையன்கள் கறுப்பின மக்களின் இசையை எடுத்துப் பணம் பார்த்தது சரியா?

ஒரு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை. ராக் இசையின் வரலாறே இந்தக் கடனில் ஓடுகிறது. லெட் செப்பலின் என்ற ராக் குழு மேல் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்டுத்தான் தன் பாட்டுக்கு உரியதைப் பெற வேண்டியிருந்தது. அந்த வரலாற்றோடு ஒப்பிட்டால் இவர்கள் நடந்துகொண்ட விதம் தேவலை. கிம்ப்ரோவின் பெயரை ஒவ்வொரு பேட்டியிலும் சொன்னார்கள். அவருடைய பாடல்களை மட்டும் வைத்து 2006இல் 'சுலாஹோமா' என்று ஒரு சிறு ஆல்பம் போட்டார்கள். கிம்ப்ரோவின் மனைவி அதைக் கேட்டுப் பாராட்டி விட்ட தொலைபேசிச் செய்திதான் அதன் கடைசிப் பதிவு. 2021இல் மறுபடி 'டெல்டா கிரீம்'. அதில் பர்ன்சைடுடன் வாசித்த கென்னி பிரவுனையே கிட்டாருக்கு அழைத்துவந்தார்கள். 'டூ தி ரம்ப்' பாடலும் அதில் மறுபடி வருகிறது. பத்தொன்பது வருஷ இடைவெளியில் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவசரம் எப்படி நிதானமாகிறது என்பது கேட்கும்.

இருந்தாலும் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கிம்ப்ரோ அறுபது வயதுவரை தன் ஊரைத் தாண்டித் தெரியாமல் வாசித்தார். அவருடைய மாணவர்களுக்கு முப்பது வயதில் கிராமி கிடைத்தது. அந்த இடைவெளிக்கு இந்த இருவர் காரணம் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

சில இடங்களில் ஹிப்-ஹாப் மாதிரி கேட்கிறதே?

சரியாகப் பிடித்தீர்கள். இருவரும் வூ-டாங் கிளான் என்ற ஹிப்-ஹாப் குழுவின் ரசிகர்கள், அதிலும் அதன் தயாரிப்பாளர் ரிஸாவின் கறைபடிந்த மாதிரியான ஒலிக்கு அடிமைகள். 'தி பிரேக்ஸ்' கேளுங்கள். ஒரு ரிஃப்பைத் துண்டாக வெட்டிச் சுற்றவிட்டால் ஹிப்-ஹாப், கையால் சுற்றினால் ஹில் கன்ட்ரி. இரண்டுக்கும் நடுவே தூரம் குறைவு. 2009இல் 'பிளாக்ராக்' என்ற ஆல்பத்தில் ரிஸாவோடே வேலை செய்தார்கள்.

பாடல் வரிகள் எப்படி?

சுமார். அவள் போய்விட்டாள், திரும்பி வா, நான் உன் ஆள். வரிக்காக யாரும் இதைக் கேட்பதில்லை.

ஆல்பத்தில் குறையே இல்லையா?

ஏன் இல்லை? கடைசிப் பதிவு '240 இயர்ஸ் பிஃபோர் யுவர் டைம்' ஒரு பாட்டாகவே தேறாது. ஆல்பத்தின் பிற்பாதியில் ஒன்றிரண்டு ரிஃப்கள் முன்பே கேட்ட மாதிரி இருக்கும். குரு நிழல் பல இடங்களில் சீடனை மூடிவிடுகிறது, அவர்பாக் பாடுகிறாரா, கிம்ப்ரோ போலப் பாட ஆசைப்படுகிறாரா என்று சந்தேகம் வரும். அடுத்த வருஷம் வந்த 'திக்ஃப்ரீக்னெஸ்' இதைவிட இறுக்கமான ஆல்பம். அதையும் அதே அடித்தள அறையில்தான், 2002 டிசம்பரில் 14 மணி நேரத்தில் முடித்தார்கள். வெளியிட்டது யார் தெரியுமா? கிம்ப்ரோவின் ஆல்பத்தை வெளியிட்ட அதே ஃபேட் பாஸம்.

எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

'ஐ வில் பி யுவர் மேன்'. 2009இல் 'ஹங்' என்ற ஹெச்பிஓ தொடரின் தலைப்புப் பாடலாக வந்ததால் சிலருக்குக் காதில் விழுந்திருக்கும். அது பிடித்தால் 'டூ தி ரம்ப்'. அதுவும் பிடித்தால் ஆல்பத்தை முதலிலிருந்து போட்டுவிடுங்கள். 'டூ தி ரம்ப்' பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தமாட்டேன், நேராக அவர்களுடைய பிந்தைய 'பிரதர்ஸ்' ஆல்பத்துக்குப் போய்விடலாம்.

கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறேன். இதை வாசிக்க முடியுமா?

முடியும், விரல் கஷ்டப்படாது. கஷ்டம் கட்டைவிரலுக்குத்தான். அது கீழ்த் தந்தியில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே பாட வேண்டும். முதலில் கட்டைவிரலை மட்டும் கால் தட்டுவதோடு சேர்த்து ஓடவிடுங்கள். அது தானாக ஓடுகிற அளவுக்கு ஆனதும் மேலே இரண்டு சுரம் மட்டும் சேருங்கள். ஃபஸ் பெடல் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், அது தப்பையெல்லாம் மூடிவிடும். டிரம்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் போதும், பேஸ் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற சாக்கு செல்லாது.

இதற்கு அப்புறம் அவர்கள் என்ன செய்தார்கள்?

2004இல் 'ரப்பர் ஃபேக்டரி'. ஆக்ரனில் ஜெனரல் டயர் கைவிட்டுப் போன ஆலைக்குள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார்கள். 2008இல் டேஞ்சர் மவுஸ் தயாரிப்பாளராக வந்தார். 2010இல் வந்த 'பிரதர்ஸ்' அடுத்த வருஷம் மூன்று கிராமி வாங்கியது. அதில் பேஸ் கிட்டார் தாராளமாக இருக்கிறது, மேடையிலும் கூடுதல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 2011இல் 'எல் கமினோ', பிறகு பெரிய அரங்குகள்.

இது பிடித்துவிட்டது. அடுத்து எதைக் கேட்பது?

பிளாக் கீஸிலேயே என்றால் 'திக்ஃப்ரீக்னெஸ்'. ஆனால் என்னைக் கேட்டால் பின்னோக்கிப் போங்கள். கிம்ப்ரோவின் 'ஆல் நைட் லாங்', பர்ன்சைடின் 1994 ஆல்பமான 'டூ பேட் ஜிம்'. இரண்டுமே ஸ்டுடியோவில் பிறக்காமல் கிம்ப்ரோவின் அந்தக் கொட்டகையில் பதிவானவை. அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் கோமோ ஊர்க்காரர் ஃப்ரெட் மெக்டவல், 1959இல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தவர். அவரிடம் டிரம்ஸ் கூடக் கிடையாது.